வலி வர மருந்து வைக்கத் தேதி கொடுத்தால்

தங்கை, இங்கிலாந்துக்கு வந்து ஏழு மாதம், இப்போது கர்ப்பத்தின் 39ஆவது வாரம், 41ஆம் வாரத்தில் பிரசவ வலி வர மருந்து வைக்கத் தேதி கொடுத்துவிட்டார்கள், மறுத்தால் கோபித்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் அது நடக்கும். தள்ளிப்போடலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். அதற்காக உங்களைக் கவனிக்காமல் விட்டுவிட முடியாது.

இது தெரியாமல்தான் நான் தவித்தேன். முதல் பிரசவத்தில், 40ஆம் வாரப் பரிசோதனையின்போது, "கர்ப்பப்பை வாயைப் பார்க்கட்டுமா?" என்றார் மிட்வைஃப், அதாவது பிரசவம் பார்க்கும் தாதி. சரி என்றேன். முடிந்த பிறகுதான் 'ஸ்வீப்' செய்துவிட்டதாகச் சொன்னார். விரலை உள்ளே விட்டு, பனிக்குடப் பையைக் கர்ப்பப்பை வாயிலிருந்து பிரித்துவிடும் முறை அது. வலித்தது, கொஞ்சம் ரத்தமும் போனது. அதெல்லாம் மறந்துவிட்டது, கேட்காமல் செய்தது மட்டும் இன்னும் ஆறவில்லை. பார்ப்பதற்குத் தந்த சம்மதம் ஸ்வீப்புக்கு ஆகாது. இங்கு மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் 'நைஸ்' அமைப்பின் வழிகாட்டுதலும் விளக்கிச் சொல்லி, சம்மதம் பெற்றே செய்யச் சொல்கிறது. படுக்கையில் ஏறுமுன்பே, "பார்க்க மட்டும்தானே?" என்று கேட்டுவிடுங்கள்.

ஆபத்தைச் சொல்லாமல் விடுவதும் தவறுதான். சர்க்கரை நோயுள்ள தாய்க்குச் சுகப்பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது, பத்து. ஸ்காட்லாந்தில் சர்க்கரை நோயிருந்த நடீன் மான்ட்கோமரி என்ற தாயிடம் மருத்துவர் அதைச் சொல்லவில்லை. குழந்தை பாதிக்கப்பட்டது. 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்தத் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது: முக்கியமான ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் சொல்லியாக வேண்டும்.

அதற்காக மறுப்பதே நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். 41 வாரம் தாண்டினால், நாளாக ஆகக் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து கூடுகிறது. சிறிய ஆபத்துதான், ஆனால் உண்மையானது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் கணக்கே வேறு. 42 வாரத்துக்குப் பிறகும் காத்திருந்தால் குழந்தையின் இதயத் துடிப்பையும் பனிநீரையும் பார்ப்பார்கள். அந்த நேரத்து நிலைதான் அதில் தெரியும். அசைவு குறைந்தால் இரவானாலும் உடனே அழையுங்கள்.

எனக்கு ஏன் இது தேவை, முதலில் மருந்தா, கர்ப்பப்பை வாயை விரிக்க வைக்கும் பலூனா, வலி வராவிட்டால் அடுத்தது என்ன என்று கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசம். இன்றே சொல்லி வையுங்கள். கணவர் போதும் என்று இருந்துவிடாதீர்கள். என் கணவர் கூச்சத்தில் பாதியை விழுங்கிவிட்டார்.