கல்லூரிக் கால்பந்தில் புகழ் பெற்றவர் ராணுவத்தையே வாழ்நாள் பணியாகக் கொண்டதுண்டா?

உண்டு. அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பயின்ற பில் கார்ப்பென்டரை நான் முதலில் சொல்வேன். அங்கே கால்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம்.

1958ஆம் ஆண்டு பயிற்சியாளர் ஏர்ல் பிளேக் வகுத்த வியூகத்தில், கார்ப்பென்டர் சக வீரர்களுடன் கூடிப் பேசாமல் மைதானத்தின் ஓரத்தில் தனியே நின்றார். அவரைக் கண்காணித்துத் தடுக்க எதிரணியின் தடுப்பு வரிசை விரிந்தாக வேண்டியிருந்தது. அடுத்த ஆட்ட நகர்வை அவர் அணித்தோழரின் கால் அசைவிலிருந்து அறிந்துகொண்டார். அதனால் 'தனித்த முனை வீரர்' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. அந்த அணி அவ்வாண்டு தோல்வியே காணவில்லை. அதன் தலைவரும் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது பெற்றவருமான பீட் டாகின்ஸும் ராணுவத்தில் தொடர்ந்து, 1983இல் பிரிகேடியர் ஜெனரலாக ஓய்வு பெற்றார்.

1960இல் பட்டம் பெற்ற கார்ப்பென்டர், 1966 ஜூனில் வியட்நாமின் டாக் டோ அருகே தம் கம்பெனி (அவர் தலைமையிலான படைக்குழு) எதிரிகளால் சூழப்பட்டபோது, தாம் நின்ற இடத்தின்மீதே நேபாம் எனும் தீக்குண்டுகளை வீசும்படி விமானப்படையைக் கேட்டார். அதில் அவருடைய வீரர்கள் சிலரும் காயமுற்றனர். ஆயினும் எதிரியின் தாக்குதல் தடைபட்டதால் எஞ்சியோர் மீண்டும் அணிதிரள முடிந்தது. அத்தகைய முடிவை எடுக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை எண்ணும்போதெல்லாம் நான் நெகிழ்கிறேன். இச்செயலுக்காக அவருக்குச் சிறப்புப் பணிச் சிலுவை என்ற உயர்ந்த வீர விருது வழங்கப்பட்டது. பின்னர் மீளமைக்கப்பட்ட 10ஆம் மலைப்படைப் பிரிவை வழிநடத்திய அவர், 1992இல் லெப்டினன்ட் ஜெனரலாக ஓய்வு பெற்றார்.