பழைய கமரோ, புது இன்ஜின்: வாசகர் கேள்விகள்

*அறுபதுகளின் அமெரிக்க மசில் கார்களில் (பெரிய இன்ஜின் வைத்த வேகக் கார்கள்) இன்றைய இன்ஜினை ஏற்றுவது பற்றிப் பல கடிதங்கள் வந்துள்ளன. பெரும்பாலானவை 1969 செவர்லே கமரோவைப் பற்றியவை என்பதால் இந்த இதழில் அதற்கே இடம்.*

கேள்வி: 1969 கமரோ ஒன்று விலைக்கு வருகிறது. 6.2 லிட்டர் எல்.எஸ்.3 இன்ஜின் (ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். வரிசை எட்டு சிலிண்டர், 430 குதிரைத்திறன்), ஆறு கியர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் என மாற்ற ஆசை. எதை முதலில் வாங்குவது? சாலைக்கு 430 போதுமா? – வாசகர், ஹூஸ்டன்

பதில்: இன்ஜினைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் வண்டியில் இப்போது இருக்கும் இன்ஜினைப் பாருங்கள். வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல் தட்டையான இடத்தில் எண்கள் குத்தியிருக்கும். அவை சேஸிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களோடு பொருந்தி, வண்டியும் இசட்-28 அல்லது எஸ்.எஸ். என்ற வேக ரகமாக இருந்தால் தயவுசெய்து அதை வெட்டாதீர்கள். 1969 ரகத்தில் மட்டும் 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் தயாரானது. ஆறு சிலிண்டராகப் பிறந்ததும், சொந்த இன்ஜினை என்றோ இழந்ததும் நிறையக் கிடைக்கும். உங்கள் வேலைக்கு அதுதான் சரி.

அடுத்து துரு. பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு, வைப்பருக்குக் கீழே காற்று நுழையும் பெட்டி, கால் வைக்கும் தரை, டிக்கியின் தரை ஆகிய நான்கையும் தட்டிப் பாருங்கள். வினைல் கூரை இருந்தால் அதன் அடியில் துரு இருக்கிறது என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

இந்த வண்டியின் முன்பாதிக்கு மட்டும் தனி ஃப்ரேம். இன்ஜின், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் அதில்தான். அதற்குப் பின்னால் பாடியே சேஸிஸ். இன்ஜின் முறுக்கும்போது நடுவில் பாடி வளைந்து கதவு இடைவெளி மாறும். எனவே முன் ஃப்ரேமையும் பின் ஃப்ரேம் தண்டுகளையும் இணைக்கும் கனெக்டர்களைப் பற்றவைக்க வேண்டும். பற்றவைப்பதற்கு முன்பு, முன் ஃப்ரேமிலும் பாடியிலும் உள்ள அளவுத் துளைகளில் 5/8 அங்குலக் கம்பி நுழைத்து இரண்டையும் நேர்படுத்துங்கள். பற்றவைக்கும்போது வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்க வேண்டும். நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கிய நிலையில் வைத்தால் அந்த வளைவு நிலைத்துவிடும், கதவு பிறகு ஒழுங்காக மூடாது.

பிரேக், பின் ஆக்ஸில் அதற்குப் பிறகு. வண்டியோடு வந்தது 8.2 அங்குலப் பத்து போல்ட் ஆக்ஸில் என்றால், அது எல்.எஸ்.3-இன் 430 குதிரைத்திறனை நெடுநாள் தாங்காது. பன்னிரண்டு போல்ட் அல்லது ஃபோர்டு 9 அங்குல ஆக்ஸில் போடுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு இன்ஜின். 430 போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அன்றைய எஸ்.எஸ். 350க்குச் சொன்ன 300 குதிரைத்திறன், ஃபேன், சைலன்ஸர் போன்றவை இல்லாமல் அளந்த கணக்கு. எல்.எஸ்.3 தரும் 430 அப்படியல்ல. சாலைக்கு அதற்கு மேல் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பிக்கப் டிரக்கிலிருந்து கழற்றிய 5.3 லிட்டர் இன்ஜினும், வேறொரு வண்டியின் கம்ப்யூட்டரும் மலிவாகக் கிடைத்தன. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. – வாசகர், டொரன்டோ

பதில்: இன்ஜினின் சுழற்சியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்ஸர் ஸ்டார்ட்டருக்கு அருகில் இருக்கும், அதன் நிறத்தைப் பாருங்கள். கருப்பு என்றால் உள்ளே 24 பல் சக்கரம், சாம்பல் என்றால் 58 பல். கம்ப்யூட்டர் எதிர்பார்க்கும் பல் கணக்கு வேறாக இருந்தால் ஸ்பார்க்கும் வராது, இன்ஜெக்டரும் திறக்காது. கம்ப்யூட்டரை மாற்றுவதே எளிது. ஆக்ஸிலரேட்டர் எலெக்ட்ரானிக் என்றால் பெடலும் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். டிரக்கின் ஆயில் சம்ப் ஆழமானது. கமரோவில் அது ஃப்ரேமுக்குக் கீழே தொங்கி முதல் வேகத்தடையிலேயே அடிபடும். இந்த மாற்றத்துக்கென்றே விற்கும் ஆழம் குறைந்த சம்ப்பை இன்ஜின் இறங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

கேள்வி: எல்.எஸ்.3 போட்ட வண்டி. சூடு காட்டும் முள் திடீரென ஏறி, தானே இறங்குகிறது. 71 டிகிரி தெர்மோஸ்டாட் மாற்றியும் அப்படியேதான். – வாசகர், நியூ ஜெர்சி

பதில்: முள் குதித்து இறங்குவது பெரும்பாலும் நீரோட்டத்தில் காற்று சிக்கியிருப்பதன் அடையாளம். எல்.எஸ். இன்ஜினில் இரண்டு ஹெட்டுகளின் முன் மூலையிலிருந்தும் ஒரு சிறு குழாய் வரும். ஹெட்டின் உச்சியில் சேரும் நீராவியையும் காற்றையும் வெளியேற்றுவதே அதன் வேலை. பழைய செவர்லே இன்ஜினில் இது கிடையாது. அதனால் பழக்கமில்லாதவர்கள் அதை அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் ஹெட்டின் மேல்பகுதியில் நீர் தொடாத இடம் உருவாகி, அங்கே உலோகம் மட்டும் கொதிக்கும். ஹெட் வளைவதும் கேஸ்கெட் போவதும் அதற்குப் பிறகுதான்.

கால் அங்குல ஹோஸால் அந்தக் குழாயை ரேடியேட்டரின் மேல்பகுதிக்கோ, இன்ஜினைவிட உயரமாகப் பொருத்திய எக்ஸ்பான்ஷன் தொட்டிக்கோ கொண்டு போங்கள். வழி முழுக்க மேல்நோக்கியே ஏற வேண்டும். இடையில் தொய்வு இருந்தால் காற்று அங்கே நின்றுவிடும். பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, குமிழி நிற்கும்வரை கூலன்ட் ஊற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டை மாற்றியது வீண்செலவு. இன்ஜின் எந்தச் சூட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. வெப்பத்தை வெளியேற்றுவது ரேடியேட்டரும் காற்றும். சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடேறினால் ஃபேன் கூட்டைப் பாருங்கள். ரேடியேட்டரின் முகம் முழுவதையும் அது மூட வேண்டும். ஓரத்தில் இடைவெளி இருந்தால் ஃபேன் அந்த வழியாகவே காற்றை இழுக்கும். ஒவ்வொரு ஃபேனுக்கும் தனி ரிலே, தனி ஃப்யூஸ் வேண்டும். இன்ஜின் பிளாக்கிலிருந்து ஃப்ரேமுக்கும், ஃப்ரேமிலிருந்து பாடிக்கும், பிளாக்கிலிருந்து பேட்டரிக்கும் தடித்த எர்த் வயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். எர்த் சரியில்லையென்றால் சென்ஸரே பொய் சொல்லும். முள் குதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: கால் டாங்க் பெட்ரோல் இருக்கும்போது வளைவில் திரும்பினால் இன்ஜின் தடுமாறுகிறது. – வாசகர், ஹூஸ்டன்

பதில்: பழைய டாங்க்கில் தடுப்புகள் இல்லை. பெட்ரோல் ஒரு பக்கம் சாயும்போது பம்ப் காற்றை இழுக்கிறது. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் சற்று இருப்பு இருந்ததால் அன்று இது தெரியவில்லை. கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும், எல்.எஸ். இன்ஜெக்டருக்கு 58 வேண்டும். பம்ப்பைச் சுற்றித் தனிக் கிண்ணமும் உள்ளேயே பம்ப்பும் உள்ள டாங்க் வாங்குங்கள். மணிக்கு 255 லிட்டர் பம்ப் இந்த இன்ஜினுக்குத் தாராளம். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சேர்ந்த ஃபில்டரை (செவர்லே கார்வெட் காருக்கானது) டாங்க் அருகிலேயே வைத்தால், மிஞ்சிய பெட்ரோல் டாங்க்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் குட்டையாக முடியும். பழைய ரப்பர் ஹோஸ் ஒரு அடிகூட மிஞ்சக்கூடாது, 58 பி.எஸ்.ஐ.யில் அது கசிந்தால் தீதான்.

கேள்வி: டி-56 என்ற ஆறு கியர் கியர்பாக்ஸ் போட்டபின் மணிக்கு 100 கிலோமீட்டரில் நடுக்கம். டயர் பேலன்ஸ் செய்தாயிற்று. – வாசகர், டொரன்டோ

பதில்: அதே வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி விடுங்கள். நடுக்கம் தொடர்ந்தால் காரணம் இன்ஜின் அல்ல, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். கமரோவின் தரை டனலுக்கு டி-56 பெரியது. டனலை வெட்டி உயர்த்தாமல் திணித்தால் கியர்பாக்ஸின் வால் தாழ்ந்து ஷாஃப்ட் கோணம் கெடும். வண்டி தன் எடையில் நிற்கும்போது கோணமானி வைத்து அளந்து பாருங்கள். ஷாஃப்ட்டின் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் 1 முதல் 3 டிகிரி வரை இருக்கலாம். கியர்பாக்ஸும் பினியனும் (ஆக்ஸிலில் ஷாஃப்ட் சேரும் பல்சக்கரம்) ஒன்றுக்கொன்று இணையாக, 1 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பட்டை ஸ்பிரிங் உள்ள பின் ஆக்ஸில் முடுக்கத்தில் மூக்கைத் தூக்கும். அதனால் நிற்கும்போது பினியனை 1 டிகிரி தாழ்த்தி வைப்பது நல்லது.

கேள்வி: பின் டிரம்முக்குப் பதில் டிஸ்க் போட்டேன். சிறிது தூரம் ஓடினாலே பின்சக்கரம் கொதிக்கிறது. – வாசகர், நியூ ஜெர்சி

பதில்: பெடலை மிதிக்கும்போது பிரேக்குக்கு அழுத்தம் அனுப்புவது மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரில், பின் லைனில் சுமார் 10 பி.எஸ்.ஐ.யைப் பிடித்து வைக்கும் சிறு வால்வு இருக்கும். டிரம்மின் ஸ்பிரிங் அந்த அழுத்தத்தை வெல்லும். டிஸ்க்கில் இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது, பேட் உரசிக்கொண்டே இருக்கும். நான்கு டிஸ்க்குக்கான மாஸ்டர் சிலிண்டராக மாற்றி, பின் லைனில் திருகி அளவு மாற்றக்கூடிய ப்ரொப்போர்ஷனிங் வால்வு வையுங்கள். ஈரமில்லாத, வெறிச்சோடிய இடத்தில் அழுத்திப் பிரேக் பிடித்துப் பாருங்கள். முன்சக்கரம் முதலில் பூட்டும்வரை பின்புற அழுத்தத்தைக் குறையுங்கள்.

கேள்வி: கோவையில் 1960களின் கார் ஒன்றை இதே முறையில் மாற்றி, விண்டேஜ் பதிவு வாங்கலாமா? – வாசகர், கோவை

பதில்: வாங்க முடியாது. 2021 விதிப்படி 50 ஆண்டைக் கடந்த வண்டிக்கு ‘வி.ஏ.’ எண் கிடைக்கும். ஆனால் இன்ஜின், சேஸிஸ், பாடி மூன்றும் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும். சாதாரணப் பதிவிலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆர்.டி.ஓ.வின் எழுத்துப்பூர்வ அனுமதி கையில் கிடைக்கும்வரை பழைய இன்ஜினின் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள்.