ஆகஸ்டில் மைரா கேன்யன் போகலாமா?

கேள்வி: கனடாவில் வான்கூவரில் இருக்கும் மகளைப் பார்க்க ஆகஸ்டில் போகிறோம். கெலோனா பக்கம் மைரா கேன்யன் மலையில் பழைய ரயில் பாலங்கள் மேல் நடந்து போகலாம், கூட்டிப்போகிறேன் என்கிறாள். ஆனால் அங்கே காட்டுத்தீ என்று செய்தியில் அடிக்கடி வருகிறது. பாலங்களே எரிந்துபோய்விட்டன, இப்போது நிற்பது புதுசு என்று ஒருவர் சொன்னார். போவது சரியா? எனக்கு முழங்கால் வலி வேறு.
– வாசகி, கோவை

பதில்: கட்டாயம் போங்கள், ஆனால் ஆகஸ்டில் வேண்டாம். டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் ஜூனுக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் செப்டம்பர் கடைசி. ஜூலையும் ஆகஸ்டும், கெலோனா இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் உள்பகுதியில் காடு காய்ந்து கிடக்கும் மாதங்கள், ஒரு மின்னல் போதும்.

எரிந்தது உண்மைதான். 2003 ஆகஸ்டில் ஒகனாகன் ஏரிக்கரையில் மின்னல் விழுந்து பிடித்த தீ 25,000 ஹெக்டேருக்கு மேல் தின்றது, கெலோனாவில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் போயின, செப்டம்பர் தொடக்கத்தில் கேன்யனுக்குள்ளும் புகுந்து, இருந்த 18 பாலங்களில் 12 மரப்பாலங்களைச் சாம்பலாக்கிவிட்டது. பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டி 2008 ஜூனில் திறந்தார்கள். அதனால் அவை போலி என்று நான் நினைக்கவில்லை. ரயில் ஓடிய காலத்திலேயே ரயில்வேக்காரர்கள் மரப்பாலம் இருந்த இரண்டு இடங்களில் இரும்புப் பாலம் வைத்தார்கள். மரத்தை மாற்றி மாற்றித்தான் இந்தப் பாதையை உயிரோடு வைத்திருந்தார்கள்.

என்னைக் கேட்டால் பாலத்தைவிட அதைச் சுற்றியிருப்பதைப் பாருங்கள். கரிந்த மரங்கள் கறுப்புக் கம்பம் மாதிரி இன்னும் நிற்கும், அவற்றின் காலடியில் இளம் பைன் கன்றுகள் நெருக்கியடித்து வளர்ந்திருக்கும். அங்குள்ள லாட்ஜ்போல் பைனின் காய்களில் பல பிசினால் ஒட்டிக்கிடக்கும், தீயின் சூட்டில்தான் பிசின் உருகி விதை கொட்டும். அதை நேரில் பார்த்தபோது வெகுநேரம் அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

முழங்காலைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தப் பாதையைப் போட்ட கெட்டில் வேலி ரயில்வேயின் தலைமை இன்ஜினியர் ஆண்ட்ரூ மெக்கல்லாக் பள்ளத்தின் மேல் நேராகப் பாலம் போடாமல், மலைச்சுவரை ஒட்டியே குதிரை லாடம் மாதிரி வளைத்துத் தண்டவாளத்தைக் கொண்டுபோனார். ரயில் ஏறுவதற்காகப் போட்ட பாதை என்பதால் ஏற்றம் தெரியவே தெரியாது. மொத்தம் சுமார் 12 கிலோமீட்டர், முழுவதும் நடக்கவேண்டியதில்லை. பாதையின் மைரா முனையில் காரை நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே முதல் பாலம் வந்துவிடும். எல்லாவற்றிலும் பெரியது 6ஆம் எண் பாலம், 220 மீட்டர் நீளம், 55 மீட்டர் உயரம். கைப்பிடி இருக்கிறது, ஆனாலும் பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்த்தால் வயிறு ஒருமுறை கலங்கும்.

டிக்கெட்டை மாற்ற முடியவில்லை, ஆகஸ்டில்தான் போயாக வேண்டுமா? சரி, அப்படியென்றால் கிளம்பும் அன்று காலையில் மாகாணக் காட்டுத்தீ வரைபடத்தை மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே 'அலர்ட்' என்றால் பெட்டி கட்டித் தயாராக இரு, 'ஆர்டர்' என்றால் உடனே வெளியேறு. பக்கத்தில் அலர்ட் இருந்தாலே போகாதீர்கள், ஏனென்றால் மேலே போவது மண்ணும் சரளையுமான காட்டுச்சாலை, அவசரமாக இறங்கவேண்டி வந்தால் எல்லா வண்டியும் அதில்தான் வரும். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். கூட வருபவர் யாருக்காவது சிகரெட் பழக்கம் இருந்தால் பாக்கெட்டை வீட்டிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். எங்காவது புகை எழும்புவதைப் பார்த்தால் முதலில் திரும்பி நடங்கள், அப்புறம் கைபேசியில் *5555 அழுத்திச் சொல்லுங்கள்.