அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இளம் ஆண்கள் சிலர் ஏன் பழமையான கிறித்தவ மரபுகளுக்கு மாறுகிறார்கள்?

அமெரிக்காவில் ஓர் ஆர்த்தடாக்ஸ் (கிழக்கத்தியப் பழைய கிறித்தவ மரபு) சபையைச் சேர்ந்தவன் நான். புதிதாகச் சேர விரும்பி வருபவர்களோடு ஞாயிறு வழிபாடு முடிந்ததும் உட்கார்ந்து பேசும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. வருபவர்களில் இருபதுகளில் இருக்கும் ஆண்களே அதிகம். அவர்கள் சொல்லக் கேட்டதிலிருந்து எழுதுகிறேன்.

முதலில், இதை ஒரு பேரலை என்று நினைத்துவிட வேண்டாம். பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி அமெரிக்கப் பெரியவர்களில் தங்களைக் கிறித்தவர் என்று சொல்பவர்கள் 2007இல் 78 சதவீதம்; 2023-24இல் 62 சதவீதம். கிறித்தவத்துக்குள் ஒருவர் வந்தால் ஆறு பேர் வெளியே போகிறார்கள். ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் மொத்தமாகவே 1 சதவீதம் அளவில்தான். இத்தனை பேர் வெளியேறும் காலத்தில் இந்தச் சிலர் மட்டும் இருப்பதிலேயே கடினமான சபைகளைத் தேடி ஏன் வருகிறார்கள்?

கடினமாக இருப்பதால்தான் வருகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என்னிடம் பேசியவர்களில் பாதிப் பேர் எந்தச் சபையும் இல்லாமல் வளர்ந்தவர்கள். மீதிப் பேர் மேடை, கிடார், பெரிய திரை, உற்சாகமூட்டும் பிரசங்கம் என்று இருந்த சபைகளில் வளர்ந்தவர்கள். அங்கே யாரும் அவர்களுக்குக் கெடுதல் செய்யவில்லை. ஆனால் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்றிருந்தது. இங்கே வந்த முதல் நாளே, “இப்போது உனக்கு நற்கருணை (வழிபாட்டில் தரும் அப்பமும் இரசமும்) கிடையாது, குறைந்தது ஒரு வருடம் கற்றுக்கொள், பிறகு பார்க்கலாம்” என்கிறார் குருவானவர். பெரும்பாலான புதன், வெள்ளிகளில் உபவாசம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து முழுவதும் இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது. காலையும் மாலையும் எழுதி வைத்த ஜெபங்கள். நெற்றி தரையில் படும்படி விழுந்து வணங்க வேண்டும். குருவின் அருகில் நின்று, செய்த பாவத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு பையன் என்னிடம் சொன்னான்: “எனக்கு என்ன வேண்டும் என்றுதான் இதுவரை எல்லா இடத்திலும் கேட்டார்கள். என்னிடம் ஒன்றைக் கொடு என்று கேட்டது இங்கேதான்.” அவன் பகலெல்லாம் திரை முன்னால் வேலை செய்பவன். இரவிலும் திரைதான். உடம்பால் செய்யக்கூடிய ஜெபம் ஒன்று உண்டு என்பதே அவனுக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

அடுத்தது வரலாறு. வேதாகமத்தை ஊன்றிப் படிக்கும் புராட்டஸ்டன்ட் இளைஞனுக்கு ஒரு கட்டத்தில் கேள்வி எழும்: அப்போஸ்தலர்களுக்கு அடுத்த தலைமுறை எப்படி வழிபட்டது? ஆதித் திருச்சபை ஆயரான அந்தியோக்கியா இக்னேஷியஸின் கடிதங்களைத் திறந்தால், இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆயர், மூப்பர், நற்கருணை என்று பேசுகிறார். மிகப் பழைய சபை ஒழுங்கு நூலான திதாக்கேயில் புதன், வெள்ளி உபவாசம் இருக்கிறது. இந்தப் பாதையில் பலர் முன்பே நடந்திருக்கிறார்கள். ஆங்கிலிக்கன் குருவான ஜான் ஹென்றி நியூமன் 1845இல் கத்தோலிக்கர் ஆனார். லூத்தரன் மரபைச் சேர்ந்த யேல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் யாரோஸ்லாவ் பெலிகன் முதுமையில், 1998இல், ஆர்த்தடாக்ஸ் ஆனார். 1987இல் பீட்டர் கில்குவிஸ்ட் தலைமையில் ஏறத்தாழ 2,000 இவாஞ்சலிக்கல் (நற்செய்தி அறிவிப்பை முன்னிறுத்தும் புராட்டஸ்டன்ட்) கிறித்தவர்கள் மொத்தமாக அந்தியோக்கிய ஆர்த்தடாக்ஸ் சபையில் சேர்ந்தார்கள்.

பழைய இலத்தீன் திருப்பலியை நாடும் கத்தோலிக்க இளைஞர்களைப் பார்த்து, “பழைய காலத்து ஏக்கம்” என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வழிபாட்டைச் சீர்திருத்தச் சொன்ன கத்தோலிக்க ஆயர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்தது 1965இல். புதிய திருப்பலி முறை 1970 வாக்கில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்தப் பையன்கள் அதற்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள். அனுபவிக்காத ஒன்றுக்கு ஏக்கம் எப்படி வரும்? 2007இல் போப் பதினாறாம் பெனடிக்ட் தாராளமாக அனுமதித்த அந்தப் பழைய திருப்பலியை 2021இல் போப் பிரான்சிஸ் வெகுவாகக் கட்டுப்படுத்தினார். அதன் பிறகும் பெந்தெகொஸ்தே திருநாளையொட்டி பாரிஸிலிருந்து ஷார்த்ரு பேராலயத்துக்கு மூன்று நாளில் சுமார் 100 கிலோமீட்டர் நடக்கும் பாதயாத்திரையில் இளைஞர் கூட்டம் குறையவில்லை.

இணையத்தைச் சொல்லாமல் விட முடியாது. அநேகமாக எல்லோரும் யூடியூப் வழியாகத்தான் முதலில் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். சிலர் அரசியல் கோபத்தோடு வருகிறார்கள். பெண்கள் மேல், நவீன உலகத்தின் மேல், சொந்தத் தகப்பன் மேல் கோபம். “இது ஆண்களுக்கான மதம்” என்று எங்கோ கேட்டுவிட்டு வருகிறார்கள். திருச்சபைத் தந்தையர் எனப்படும் ஆதிகால ஆசிரியர்களின் வரிகளை எடுத்துப் பிறர் தலையில் போடுவார்கள். இது எனக்கு மிகுந்த வேதனை தரும் விஷயம். எங்கள் குருவானவர் அவர்களோடு வாதாட மாட்டார். வீடியோ பார்ப்பதை நிறுத்து, விருந்து முடிந்ததும் பாத்திரம் கழுவு, அம்மாவுக்குப் போன் செய் என்பார். சண்டைக்கு ஆள் தேடி வந்தவர்கள் முதல் லெந்து முடியும் முன்பே காணாமல் போய்விடுகிறார்கள். தங்குபவர்களில் அதே கோபத்தோடு வந்தவர்களும் உண்டு. குழந்தைகள், தாத்தா பாட்டிகள், வேறு மொழி பேசும் குடும்பங்கள் என எல்லோரோடும் வாரந்தோறும் ஒரே மேசையில் சாப்பிடுகிறபோது அந்தக் கோபம் மெல்லத் தணிவதைப் பார்த்திருக்கிறேன். தனிமைதான் அவர்களில் பலருக்கு முதல் நோய்.

இந்தத் தேடல் இணையத்தோடு பிறந்ததும் அல்ல. கலிஃபோர்னியாக்காரரான யூஜின் ரோஸ் பௌத்தம், சீனத் தத்துவம் என்று அலைந்து 1962இல் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையில் சேர்ந்தார். பிறகு செராஃபிம் என்ற பெயரோடு துறவியாகி மலைக்காட்டில் வாழ்ந்தார். ஆங்கில எழுத்தாளர் பால் கிங்ஸ்நார்த் ஜென் பௌத்தம், விக்கா என்னும் நவீன சூனிய வழிபாடு எல்லாம் கடந்து 2021இல் அயர்லாந்தில் ருமேனிய ஆர்த்தடாக்ஸ் ஞானஸ்நானம் பெற்றார்.

கேள்வி ஆண்களைப் பற்றியது என்பதால் இதையும் சேர்க்கிறேன். பிரான்சில் 2025 ஈஸ்டரில் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்ற பெரியவர்கள் 10,384 பேர். முந்தைய ஆண்டைவிட 45 சதவீதம் அதிகம். அவர்களில் 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களே பெரிய பிரிவு. ஆனால் மொத்தத்தில் பெண்கள்தான் அதிகம். “ஆண்மைத் தேடல்” என்ற விளக்கத்தை வைத்து அவர்களைப் புரிந்துகொள்ள முடியாது.