ஓட்டுக்கூரையை மேலிருந்து படம் எடுக்க பலூன் சரிப்படுமா?

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “எங்கள் ஐயா காலத்து வீடு, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. மழை பெய்தால் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் மூன்று இடங்களில் ஒழுகுகிறது. கொத்தனாரை மேலே ஏற்றினால் நாலு ஓடுகளைச் சரிசெய்து பத்து ஓடுகளை மிதித்து உடைக்கிறார். பங்காளிகள் எல்லாரும் செலவைப் பகிர வேண்டுமானால் கூரையின் நிலையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறார்கள். மழைக்கு முன், மழைக்குப் பின், வேலை முடிந்த பின் என்று மூன்று முறையாவது எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் பலூனில் கேமரா கட்டி எடுத்தார்களாமே, நாமே அப்படிச் செய்ய முடியுமா? அப்படியே, குடும்பம் முழுவதும் முற்றத்தில் நிற்க மேலிருந்து ஒரு படமும் வேண்டும்.”

முடியும். ஆனால் ஒரே ஒரு தடவை எடுத்தால் போதும் என்றால் பலூன் பக்கமே போகாதீர்கள். காரைக்குடியில் கல்யாணப் படம் எடுக்கும் யாரிடமாவது ட்ரோன் இருக்கும், அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். நீங்கள் மூன்று முறை என்கிறீர்கள், நாமே செய்ய வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் பலூனை யோசிக்கலாம். அதைப் பறக்கும் இயந்திரமாக நினைக்க வேண்டாம், அறுபது மீட்டர் உயர ஸ்டாண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கிடையாது, பேட்டரி தீரும் என்ற அவசரமும் கிடையாது. தொல்லை தருவது இரண்டே விஷயம், வாயுவும் காற்றும். முதல் ஆள் தொடங்கி இன்றுவரை இதே கதைதான்.

அந்த முதல் ஆள் பாரிஸ் நகரத்துப் புகைப்படக்காரர் நாடார். நம் பக்கத்துப் பெயர் போலத் தோன்றும், ஆனால் அது ஒரு பிரெஞ்சுக்காரர் வைத்துக்கொண்ட புனைபெயர். 1858இல் பாரிஸுக்கு வெளியே கயிற்றில் கட்டிய பலூனில் ஏறி, சுமார் 80 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு சிற்றூரைப் படம் எடுத்தார். அப்போது ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியும் விட வேண்டும். அதனால் கூடைக்குள்ளேயே இருட்டுக் கூடாரம். ஏறும்போதெல்லாம் தகடு கறுத்துக்கொண்டே வந்தது, அவருக்குக் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால், பலூனின் வாயிலிருந்து கசிந்த வாயுவில் கந்தகம் இருந்திருக்கிறது, அது தகட்டிலிருந்த வெள்ளி உப்பைக் கறுப்பாக்கியிருக்கிறது. உங்கள் வீட்டு வெள்ளிச் சாமான் பெட்டிக்குள் கிடந்து கறுக்கிறதே, அதே ரசாயனம்தான். பலூன் வாயை மூடிவிட்டு ஏறிய பிறகுதான் படம் விழுந்தது. அந்தப் படம் இன்று இல்லை. இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய வான்படம், 1860 அக்டோபரில் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பலூனிலிருந்து எடுத்த பாஸ்டன் நகரத்துப் படம்.

நாடாருக்கு வாயு தகட்டைக் கெடுத்தது. உங்களுக்கு அது கையையே கெடுத்துவிடும். திருவிழாவில் பலூன் விற்பவரிடம் “கொஞ்சம் பெரிய பலூனாக அடித்துக் கொடுங்கள்” என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். அங்கே பல இடங்களில் காஸ்டிக் சோடாவையும் அலுமினியத் துண்டையும் சிலிண்டருக்குள் போட்டு ஹைட்ரஜன் தயாரிக்கிறார்கள். தீப்பொறி பட்டால் பலூன் எரியும். அழுத்தம் ஏறினால் சிலிண்டரே வெடிக்கும், அதில் உயிர் போனவர்களும் உண்டு. ஹீலியம் மட்டும்தான். அது வெளிநாட்டிலிருந்து வருகிற சரக்கு, விலை கடிக்கும், பரவாயில்லை.

இனி கணக்கு. நம் ஊர் வெயிலில் ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள உருண்டைப் பலூனில் 1.77 கன மீட்டர் வாயு அடங்கும், அதாவது சுமார் 1,700 கிராம் தூக்கும். பலூன் தோல் 400 கிராம், சின்ன ஆக்‌ஷன் கேமராவும் அதைத் தாங்கும் தொட்டிலும் 300, நூல் 150 என்று வைத்தால் 850 ஆகிறது. மீதிப் பாதி பலம் நூலை விறைப்பாக இழுத்துப் பிடிக்கத் தேவை. தூக்கினால் போதும் என்று சின்னப் பலூன் வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மிச்ச இழுவை இல்லாத பலூன் லேசான காற்றுக்கே படுத்துவிடும். ஏழு கன மீட்டர் வாயு கொண்ட பெரிய சிலிண்டர் ஒன்று கிடைத்தால் மூன்று முறைக்கும் தாராளமாகக் காணும். ரப்பர் பலூனாக இருந்தால் வெயில் ஏற ஏற உள்ளே வாயு விரியும், முட்ட முட்ட அடைக்காதீர்கள்.

நூலுக்குப் பின்னிய பாலியெஸ்டர் கயிறு நல்லது. மீன்பிடி நரம்பு உள்ளங்கையைக் கிழிக்கும், எந்தக் கயிறானாலும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உலோகக் கம்பி கலந்த எதுவும் கூடாது, ஈரக் கயிறும் கூடாது, தெருவில் மின்கம்பி போகிறது. நான் முதல்முறை தேவகோட்டைப் பக்கம் முயன்றபோது கயிற்றை ஒரே ஆளிடம் கொடுத்தேன். காற்று திரும்பியதும் கேமரா பனை மட்டையில் போய் மாட்டிக்கொண்டது, இறக்க ஆள் தேடி அரை நாள் போயிற்று. அப்புறம் எப்போதும் இரண்டு கயிறு, இரண்டு பேர். ஒருவர் முகப்புப் பக்கம், ஒருவர் பின்கட்டுப் பக்கம். இருவரும் மாற்றி மாற்றி விட்டு இழுத்தால் கேமராவை வீட்டின் நீளத்துக்கு நகர்த்தலாம். இரண்டாவது கயிறும் எடைதான், அதையும் கணக்கில் சேருங்கள்.

ஆடி பக்கம் வேண்டவே வேண்டாம். அம்மியே பறக்கும் என்கிற மாதத்தில் பலூன் என்ன ஆகும்? தை, மாசியில் விடிந்த முதல் இரண்டு மணி நேரம்தான் நல்ல நேரம். காற்று அடங்கியிருக்கும், சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு ஓட்டு வரிசைக்கும் நிழல் விழும். நகர்ந்த ஓடு, அமுங்கிய இடம், இரண்டு சரிவு சேரும் கூடல்வாயில் முளைத்த அரசங்கன்று எல்லாம் அந்த நிழலில்தான் தெரியும். மழைக்குப் பின் எடுக்கும் படத்துக்கு மட்டும் வேறு கணக்கு. மழை விட்ட மறுநாள் எடுங்கள், ஈரம் குடித்த ஓடு கறுப்பாகத் தெரியும், ஒழுகும் இடம் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் இருக்கும்.

கேமராவைப் பலூனில் நேராகக் கட்டாதீர்கள். பலூனுக்கு ஐந்தாறு மீட்டர் கீழே, நாலு மூலையிலும் நூல் குறுக்காக ஓடும் சிலுவைத் தொட்டிலில் தொங்க விடுங்கள். 1912இல் பிக்காவே என்ற பிரெஞ்சுக்காரர் பறக்கவிடும் பட்டத்துக்காகச் செய்தது, இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. கயிறு எப்படிச் சாய்ந்தாலும் கேமரா மட்டமாக நிற்கும். நாலு நொடிக்கு ஒரு படம் தானே எடுக்கும்படி வையுங்கள், ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையாமல். 24 மி.மீ.க்கு இணையான லென்ஸில் அறுபது மீட்டர் உயரத்திலிருந்து 90 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் அடங்கும். குறுக்கே 4,000 புள்ளி (பிக்சல்) உள்ள படத்தில் ஒரு புள்ளிக்கு இரண்டே கால் சென்டிமீட்டர், தனித்தனி ஓடு தெரியும். கயிறு 45 பாகையில் சாய்ந்தால் 85 மீட்டர் விட்டால்தான் 60 மீட்டர் உயரம் கிடைக்கும். மொட்டைமாடியில் சரியாக ஒரு மீட்டர் அளந்த வெள்ளைத் துணிப் பட்டைகள் நாலைந்து விரித்து வையுங்கள். பிறகு படத்திலேயே நீளம் அளக்கலாம், எத்தனை ஓடு மாற்ற வேண்டும் என்ற கணக்கில் பங்காளிகளுக்குள் பேச்சு வராது. படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்க ஓபன் ட்ரோன் மேப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

அனுமதி விஷயத்தை விளையாட்டாக எடுக்காதீர்கள். நம் நாட்டு விமானச் சட்டம் ‘விமானம்’ என்ற சொல்லிலேயே பலூனையும் பட்டத்தையும் அடக்குகிறது, கட்டிய பலூனும் அதில் சேர்த்தி. போதாததற்குப் பக்கத்திலேயே பழைய விமான ஓடுதளம் வேறு இருக்கிறது. காவல் நிலையத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் நாள், நேரம், உயரம் குறித்து எழுத்தில் கொடுத்து, பதில் வந்த பிறகு ஏற்றுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அடுத்த வீட்டு இரண்டாம் கட்டில் ஆச்சி வற்றல் காயவைப்பதும் உங்கள் படத்தில் விழும்.

கடைசியாக, முற்றத்துக் குடும்பப் படம். ஓட்டுக்குச் சாய்ந்த வெயில் வேண்டும், முற்றத்துக்கோ உச்சி வெயில் வேண்டும், இல்லாவிட்டால் பாதி முற்றம் இருட்டு. சித்திரை பிறந்த முதல் சில நாள் பகல் 12.15 வாக்கில் உங்கள் ஊரில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும், தூண் நிழல் தூணுக்குள்ளேயே அடங்கும். ஆனால் அப்போது பலூனை ஏற்றினால் அதன் நிழலும் நடு முற்றத்தில் விழும், அண்ணாந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். அறுபது மீட்டரிலிருந்து முகங்கள் ஏழெட்டுப் புள்ளிக்குள் அடங்கிவிடும், யார் யாரென்றே தெரியாது. இதற்குப் பலூன் வேண்டாம். மொட்டைமாடியிலிருந்து ஆறு மீட்டர் நீட்டுக் கம்பத்தின் நுனியில் செல்போனைக் கட்டி முற்றத்துக்கு மேலே நீட்டுங்கள். மேகம் மூடிய நாளாகப் பாருங்கள். கம்பத்தின் அடியை இரண்டு பேர் பிடிக்கட்டும், செல்போனுக்கு இன்னொரு கயிறு கட்டிவிடுங்கள், கீழே நிற்பது உங்கள் சொந்தக்காரர்கள்.