அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்த் தளபதிகளின் பெயரைப் பள்ளிகளிலிருந்து எடுப்பது சரியா? அது வரலாற்றை அழிப்பதாகாதா?

கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். அடிமை முறையைக் கைவிட மறுத்துப் பிரிந்துபோன தென்மாநிலங்களுக்காகப் போரிட்ட தளபதிகளின் பெயரைப் பள்ளிகளிலிருந்து எடுத்தால் வரலாறு அழிந்துவிடாதா என்பது ஒன்று. அப்படி எடுத்தால் பழைய மாணவர்களின் சான்றிதழ் என்ன ஆகும், செலவு யார் தலையில் விழும் என்பது இன்னொன்று. நான் வடக்கு வர்ஜீனியாவில் இருக்கிறேன், மகள் இங்கேதான் ஹைஸ்கூல் படிக்கிறாள். இந்தச் சண்டை எங்கள் பக்கம் பல வருஷமாக ஓடுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இதில் நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரை மாற்றுவதுதான் சரி என்பவன் நான். ஆனால் மாற்றிய விதம் பல ஊர்களில் சொதப்பல். அந்தச் சொதப்பலையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இந்த விவாதம் எங்கே தொடங்கினாலும் பேச்சு 1861-65 போருக்குப் போய்விடும். தென்மாநிலத் தளபதிகளில் ஜாக்சன் பக்திமானா, லீ அடிமைகளை எப்படி நடத்தினார், போர் மாநில உரிமைக்காகவா அடிமை முறைக்காகவா என்று விடிய விடிய ஓடும். நான் பார்ப்பது பள்ளிக்கு அந்தப் பெயர் வைத்த வருஷத்தை. பெரும்பாலும் அதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

எங்கள் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் ராபர்ட் ஈ. லீ ஹைஸ்கூல் திறந்தது 1958இல். ஜெப் ஸ்டூவர்ட் ஹைஸ்கூல் 1959இல். ஷெனாண்டோவா கவுண்டியில் ஸ்டோன்வால் ஜாக்சன் ஹைஸ்கூல் 1959. நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் நேதன் பெட்ஃபோர்டு ஃபாரஸ்ட் ஹைஸ்கூல், அதுவும் 1959. போர் முடிந்து தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, ஒரே சமயத்தில் இத்தனை ஊர்களுக்குத் திடீரென்று தளபதிகள் ஞாபகம் வந்தது ஏன்?

1954இல் பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பர் என்று பிள்ளைகளைப் பிரித்து வைப்பது செல்லாது என்று சொல்லிவிட்டது. வர்ஜீனியா அதை ஏற்கவில்லை. செனட்டர் ஹாரி பேர்ட் தலைமையில் ‘முழு எதிர்ப்பு’ என்று ஒரு அரசியலே நடந்தது. கறுப்புப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டால் அந்தப் பள்ளியையே மூடிவிடலாம் என்று சட்டம் போட்டார்கள். போட்டதோடு நிற்கவில்லை. 1958 செப்டம்பரில் ஃப்ரன்ட் ராயல், சார்லட்ஸ்வில், நார்ஃபோக் ஊர்களில் பள்ளிகளை நிஜமாகவே இழுத்துப் பூட்டினார்கள். 1959 ஜனவரி 19 அன்று மாநில உச்ச நீதிமன்றமும் ஃபெடரல் நீதிமன்றமும் ஒரே நாளில் அந்தச் சட்டத்தைத் தூக்கியெறிந்தன. அன்று லீயின் பிறந்தநாள் என்பது தற்செயல்தான். பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி மட்டும் அதற்கும் மசியவில்லை. 1959இல் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் மூடியது. 1964 வரை திறக்கவில்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஏற்பாடாகிவிட்டது. கறுப்புப் பிள்ளைகளில் வெளியூரில் சேர முடிந்தவர்கள் போனார்கள், மற்றவர்கள் ஐந்து வருஷம் படிப்பில்லாமல் கிடந்தார்கள்.

அந்தக் காற்றில் வைத்த பெயர்கள்தான் இவை. ஷெனாண்டோவா பள்ளி வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றே திறந்தது. புத்தம்புதுப் பள்ளியின் வாசலில் தென்மாநிலத் தளபதியின் பெயரை மாட்டினால், யாரை வரவேற்கிறோம், யாரை வராதே என்கிறோம் என்று தனியாக எழுத வேண்டியதில்லை. ஆகவே வரலாறு அழியும் என்று கவலைப்படுகிறவர்களிடம் நான் கேட்பது, எந்த வரலாறு என்று. 1862ஆம் வருஷத்து வரலாறு ஜாக்சனைப் பற்றிய புத்தகங்களிலும் போர்க்களப் பூங்காக்களிலும் பத்திரமாக இருக்கிறது. 1959இல் பெயர் வைத்த கதையைத்தான் இத்தனை வருஷம் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. அது வெளியே வந்ததே பெயரை மாற்ற வேண்டும் என்று சண்டை வந்த பிறகுதான்.

எல்லாப் பள்ளிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்பதும் உண்மை. ஆர்லிங்டனில் வாஷிங்டன்-லீ ஹைஸ்கூல் 1925இல் வந்தது, பிரவுன் தீர்ப்புக்கு ரொம்ப முன்னால். அது தென்மாநிலத்தவர் தோற்றுப்போன போரைப் புனிதப் போராகப் பாடிக்கொண்டிருந்த காலம். ஊருக்கு ஊர் சிலை வைத்த அலையில் வந்த பெயர் அது. 2019இல் அதை வாஷிங்டன்-லிபர்ட்டி ஆக்கினார்கள். முதலெழுத்துகள் மாறவில்லை, கெட்டிக்காரத்தனம்தான்.

இனி ஷெனாண்டோவா. இந்தப் பள்ளத்தாக்கைத் தெரியாமல் இந்தச் சண்டை புரியாது. இலையுதிர் காலத்தில் நாங்கள் எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு ஓடும் அழகான இடம். இரண்டு பக்கமும் மலை, நடுவில் பண்ணைகள். 1862 வசந்தத்தில் ஜாக்சன் சுமார் 17,000 பேரை வைத்துக்கொண்டு, தன்னைவிடப் பெரிய படைகளை இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க அலைக்கழித்தார். அந்த நகர்வுகளை இன்றும் ராணுவக் கல்லூரிகளில் பாடமாக எடுக்கிறார்கள். 1864 இலையுதிர் காலத்தில் வடக்கின் தளபதி ஷெரிடன் வந்து களஞ்சியங்களையும் ஆலைகளையும் விளைந்த பயிரையும் கொளுத்தினார். ‘அந்த எரிப்பு’ என்று சொன்னாலே அங்கே இன்றும் புரியும். பாட்டன் களஞ்சியம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவரிடம் போய் ‘உங்கள் தளபதி ஒரு இனவெறியர்’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அந்த மக்களின் நினைவு பொய்யில்லை. ஆனால் ஜாக்சன் ஆறு பேரை அடிமைகளாக வைத்திருந்ததும், அவர் சேர்ந்த பக்கம் ஜெயித்திருந்தால் அந்த அறுவரும் அடிமைகளாகவே இருந்திருப்பார்கள் என்பதும் பொய்யில்லை.

(ஒரு சின்ன விஷயம்: பள்ளி இருப்பது மவுண்ட் ஜாக்சன் என்ற ஊருக்குப் பக்கத்தில். அந்த ஊரின் ஜாக்சன் இவரில்லை, ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன். அவரைப் பற்றித் தொடங்கினால் அது தனிப் பதிலாகிவிடும்.)

2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு நாடு முழுக்க இந்தப் பெயர்கள் விழ ஆரம்பித்தன. பள்ளிகளை நடத்தும் குழுவான ஷெனாண்டோவா ஸ்கூல் போர்டு அந்த ஜூலையிலேயே 5-1 என்று ஓட்டுப் போட்டு ஸ்டோன்வால் ஜாக்சன் பெயரை எடுத்தது. இன்னொரு தென்மாநிலத் தளபதி டர்னர் ஆஷ்பி, லீ இருவர் பெயரும் சேர்ந்த ஆஷ்பி-லீ தொடக்கப் பள்ளியின் பெயரும் போனது. பெரியது மவுண்டன் வியூ ஆனது, சின்னது ஹனி ரன். கொரோனா உச்சத்தில் இருந்த சமயம். ஊர் கூடிப் பேச வழியில்லாத நேரத்தில் அவசரமாக முடித்துவிட்டார்கள் என்ற கோபம் அங்கே தங்கிவிட்டது. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு வருஷம் பொறுத்து, 1959இன் பழைய குறிப்புகளை எடுத்து நாலு கூட்டம் போட்டுப் பேசியிருந்தால் முடிவு அதேதான் வந்திருக்கும், ஆனால் நிலைத்திருக்கும்.

நிலைக்கவில்லை. 2022இல் பழைய பெயரைக் கொண்டுவர நடந்த முயற்சி 3-3 என்று சமனாகித் தோற்றது. தேர்தல் வந்தது, ஆட்கள் மாறினார்கள். 2024 மே 9 மாலை தொடங்கிய கூட்டம் மணிக்கணக்கில் போய், மே 10 விடிவதற்குள் 5-1 என்று பழைய பெயர்களே திரும்பின. 1863இல் ஜாக்சன் செத்ததும் ஒரு மே 10தான். எடுத்த பெயரைத் திரும்ப வைத்த ஊர் என்று நாடு முழுக்கச் செய்தியானது. அடுத்த மாதமே கறுப்பர் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் வர்ஜீனியா கிளையும் சில மாணவர்களும் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

2025 செப்டம்பரில் அந்த வழக்கில் ஒரு தீர்ப்பு வந்தது. என்னை இந்தப் பக்கம் உறுதியாக நிற்க வைத்தது அதுதான். நீதிபதி ஜாக்சன் நல்லவரா கெட்டவரா என்ற வழியில் போகவில்லை. விளையாட்டுச் சீருடையில் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கும் மாணவர், தான் நம்பாத ஒரு செய்தியைத் தன் உடம்பில் சுமந்து சொல்லும்படி ஆகிறது, அது பேச்சுரிமைக்கு எதிரானது என்பதுதான் சாரம். அரசு யாரையும் ஒன்றைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்ற கொள்கை அமெரிக்காவில் புதிதில்லை. 1943இல் மேற்கு வர்ஜீனியாவில் கொடிவணக்கம் செய்ய மறுத்த பிள்ளைகளின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதை உறுதியாகச் சொன்னது. அதை ஒரு பள்ளியின் பெயருக்குக் கொண்டுவந்ததுதான் புதுசு.

சிலைக்கும் பள்ளிக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான். சிலை பிடிக்கவில்லை என்றால் வேறு தெருவில் போகலாம். என் மகள் பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். அவள் ஜாக்கெட்டின் முதுகில் பள்ளிப் பெயர், கிளாரினெட் பெட்டியில் பள்ளிப் பெயர், லேட்டாகப் போனால் தரும் சீட்டில் பள்ளிப் பெயர். வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து கத்துவதும் அதைத்தான். அவள் பள்ளிக்கு நல்லவேளையாக எந்தத் தளபதி பெயரும் இல்லை. ஃபாரஸ்ட் பள்ளியில் படித்த கறுப்புப் பிள்ளைகளுக்கு இருந்தது.

ஃபாரஸ்ட் விஷயத்தில் என்னால் சமநிலையாக எழுத முடியாது. போருக்கு முன் மெம்ஃபிஸில் மனிதர்களை வாங்கி விற்ற வியாபாரி. 1864 ஏப்ரல் 12 அன்று ஃபோர்ட் பில்லோவில் சரணடைய வந்த கறுப்புச் சிப்பாய்களை அவருடைய படை கொன்று குவித்தது. போருக்குப் பிறகு கூ கிளக்ஸ் கிளான் கும்பலின் முதல் தலைவர். டென்னசிக்காரரான இவர் பெயர் ஃபுளோரிடாவில் ஒரு பள்ளிக்கு. பாதிக்கு மேல் கறுப்புப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியாக அது மாறிய பிறகும், 2008இல் போர்டு 5-2 என்று அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. 2013 டிசம்பரில்தான் ஏழு பேரும் ஒருமித்து எடுத்தார்கள். இப்போது வெஸ்ட்சைட் ஹைஸ்கூல்.

‘இன்று லீ, நாளைக்கு வாஷிங்டன், எங்கே நிற்கும்?’ என்பவர்கள் சும்மா பயமுறுத்தவில்லை, சான் பிரான்சிஸ்கோ அதைச் செய்தே காட்டியது. 2021 ஜனவரியில் 44 பள்ளிகளின் பெயரை மாற்ற 6-1 என்று முடிவெடுத்தார்கள். பட்டியலில் வாஷிங்டன், லிங்கன் இருவரும் உண்டு. அமெரிக்கச் சுதந்திரப் போர் வீரர் பால் ரெவியர் கலந்துகொண்ட பெனாப்ஸ்காட் படையெடுப்பு பிரிட்டிஷாருக்கு எதிரானது. அதைப் பெனாப்ஸ்காட் பழங்குடியினரின் நிலத்தைப் பறிக்கப் போனதாகப் படித்துவிட்டு அவரையும் சேர்த்திருந்தார்கள். ஒரு வரலாற்று ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் பத்து நிமிஷ வேலை. அதுவும் பள்ளிகள் கொரோனாவால் பூட்டிக் கிடந்த நேரத்தில். ஏப்ரலில் பின்வாங்கினார்கள். அடுத்த பிப்ரவரியில் போர்டு உறுப்பினர்கள் மூன்று பேரை வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பெயர் மட்டுமே காரணமில்லை, ஆனால் அதுவும் ஒரு காரணம்.

வாஷிங்டனும் அடிமைகள் வைத்திருந்தவர்தான். என் கோடு இது: அவர் பெயரை வைத்தது நாட்டை உருவாக்கியதற்காக. ஸ்டூவர்ட், ஜாக்சன், ஃபாரஸ்ட் பெயர்களை வைத்தது அந்த நாட்டுக்கு எதிராகப் போரிட்டதற்காக. எதற்காகப் பெயர் வைத்தார்கள் என்று ஒவ்வொரு பள்ளியாகக் கேட்டால் பட்டியல் தானாகக் குறுகும்.

புதுப் பெயர் தேடுவதில் நடந்த கூத்துகள் தனி. டெக்சாஸின் ஆஸ்டினில் ராபர்ட் ஈ. லீ தொடக்கப் பள்ளிக்கு 2016இல் ரஸ்ஸல் லீ என்ற புகைப்படக்காரரின் பெயரை வைத்தார்கள். சான் அன்டோனியோவில் லீ பெயரை எடுத்துவிட்டு, கல்விச் சிறப்பின் மரபு என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களைக் கோத்தார்கள். முதலெழுத்தைச் சேர்த்தால் மறுபடியும் லீ! எனக்குப் பிடித்தது ஜெப் ஸ்டூவர்ட் பள்ளிக்கு 2018இல் வந்த ஜஸ்டிஸ் ஹைஸ்கூல் என்ற பெயர். அது கௌரவிக்கும் பெயர்களில் பார்பரா ஜான்ஸ் ஒருவர். நான் மேலே சொன்ன அதே பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில், தன் பள்ளியின் கேவலமான கட்டடத்தை எதிர்த்து 1951இல் 16 வயதில் மாணவர் வேலைநிறுத்தம் நடத்தியவர். அதிலிருந்து பிறந்த வழக்கு பிரவுன் வழக்கோடு சேர்ந்தது.

அந்த ஸ்டூவர்ட் பள்ளியில் படித்த ஒருவர் என்னோடு வேலை பார்க்கிறார். ‘ஸ்டூவர்ட் யாரென்றே அப்போது எனக்குத் தெரியாது, எனக்கு அது என் சாக்கர் டீம்’ என்பார். பெயர் போனதில் அவருக்கு வருத்தம்தான். அவரோடு நான் வாதாடுவதில்லை.

சான்றிதழ் விஷயம் எளிது. பழைய சான்றிதழ் பழைய பெயரிலேயே செல்லும், யாரும் திருப்பி வாங்குவதில்லை. நற்சான்று, மதிப்பெண் விவரம் கேட்டால் பதிவுகளை வைத்திருக்கும் கல்வி மாவட்டம் கொடுக்கும். செலவு பெரும்பாலும் அந்த மாவட்டத்தின் வரிப்பணம். ஹியூஸ்டனில் 2016இல் எட்டுப் பள்ளிகளுக்குச் சுமார் 12 லட்சம் டாலர் என்று கணக்கு வந்தது. சீருடை, ஸ்கோர்போர்டு, ஜிம் தரையில் வரைந்த பெயர், பேண்டு உடைகள் என்று இவைதான் பணத்தைத் தின்னும். சில ஊர்களில் நன்கொடை திரட்டுகிறார்கள். ஷெனாண்டோவாவில் பழைய பெயரைத் திரும்ப வைக்கவும் நன்கொடைதான் என்றார்கள். அப்புறம் வந்த வக்கீல் செலவு அந்தக் கணக்கில் இல்லை.