எந்தக் காகிதம் எந்த ஊரில்? நவீன ஜெர்மன் வரலாறு: கேள்வி பதில்

கேள்வி: பிஸ்மார்க் காலத்து (19-ஆம் நூற்றாண்டு) சிறுநூல்களை ஜெர்மன் தேசிய நூலகப் பட்டியலில் தேடுகிறேன் சார். ஒன்றும் சிக்கவில்லை.

பதில்: சிக்காது. அந்த நூலகம் சேகரிப்பதே 1913 முதல் வெளிவந்தவற்றைத்தான். அதற்கு முந்தைய காலத்தை மற்ற நூலகங்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. 1871 முதல் 1912 வரை பெர்லின் அரசு நூலகம். 1801 முதல் 1870 வரை பிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழக நூலகம். கே.வி.கே. எனப்படும் கார்ல்ஸ்ரூஹே பட்டியலில் தட்டினால் பல நூலகங்களில் ஒரே நேரத்தில் தேடித் தரும்.

கேள்வி: வைமார் குடியரசு (முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனி) பற்றி எம்.ஏ. ஆய்வேடு. ஜெர்மனி போக வசதியில்லை.

பதில்: போகவே வேண்டாம். ரைஷ்ஸ்டாக், அதாவது அன்றைய ஜெர்மன் நாடாளுமன்றத்தின் விவாதங்களை பவேரிய அரசு நூலகம் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறது. அமைச்சரவைக் கூட்டக் குறிப்புகள் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். அவற்றின் அடிக்குறிப்புகளை விட்டுவிடாதீர்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: 1914 செப்டம்பர் 22 அன்று எம்டன் சென்னையில் குண்டு போட்டதை ஜெர்மன் தரப்பிலிருந்து படிக்க வேண்டும். ராணுவ ஆவணங்கள் எரிந்துவிட்டன என்கிறார்களே?

பதில்: எரிந்தது தரைப்படையின் கோப்புகள். 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் குண்டுவீச்சில் பெரும்பகுதி போயிற்று. கடற்படைக்காரர்களின் காகிதத்துக்கு அதிர்ஷ்டம்: பவேரியாவின் டம்பாக் கோட்டையில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிரிட்டிஷார் கைப்பற்றினார்கள், பிறகு திரும்பி வந்தன. இப்போது பிரைபர்க் ராணுவக் காப்பகத்தில், ஆர்.எம். என்ற தொகுப்புக் குறியீட்டில் இருக்கின்றன. என்னென்ன கோப்புகள் உண்டு என்று காப்பகத்தின் இன்வெனியோ என்ற இணையத் தேடலில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

அப்புறம் நாளிதழ்கள். 2021-இல் வந்த ஜெர்மன் நாளிதழ் தளத்தில் தேடும்போது ஒரு சிக்கல் உண்டு. பிராக்டூர் எனும் அந்தக் கால ஜெர்மன் அச்செழுத்தில் பெரிய 'E'யும் 'C'யும் இரட்டைப்பிள்ளைகள். எம்டனின் (Emden) முதல் எழுத்தைக் கணினி சில சமயம் 'C' என்று படித்துவிடும். கப்பல் பெயரில் கிடைக்காவிட்டால் 'மெட்ராஸ்' என்று தேடுங்கள், அதுவும் இல்லையா, தேதியை வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். இந்தியா சம்பந்தப்பட்ட வேறு கோப்புகளுக்கு 'ஜெர்மன் காப்பகங்களில் நவீன இந்தியா' என்ற தரவுத்தளம் உண்டு.

கேள்வி: ஜெர்மன் சுத்தமாகத் தெரியாது. பரவாயில்லையா?

பதில்: நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பெர்க் விசாரணை என்றால் சரி, யேல் பல்கலைக்கழகத்தின் அவலான் தளத்தில் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. மற்றதற்கு, படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீசான ஸ்டாசியின் கோப்புகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா?

பதில்: அவரவர் கோப்பை அவரவர் கேட்கலாம். ஆய்வாளர் என்றால் தலைப்பைச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். 2021 ஜூனிலிருந்து எல்லாம் கூட்டாட்சிக் காப்பகத்தின் கீழ். அடுக்கினால் 111 கிலோமீட்டர், ஆகவே பொறுமை வேண்டும். சம்பந்தமில்லாதவர்களின் பெயர்களைக் கறுப்படித்துத்தான் தருவார்கள். விண்ணப்பத்தில் 'கிழக்கு ஜெர்மனியில் சமயம்' என்று பொதுவாக எழுதாதீர்கள். 'லைப்சிக் நிக்கோலாய் தேவாலயம், 1989' என்று ஊரும் ஆண்டும் போட்டு எழுதுங்கள்.